படத்தைக் கேட்கும்போதே விலையையும் கேளுங்கள்: தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜொஹானஸ்பர்க் வட்டாரங்களிலுள்ள தமிழ்ச் சங்கங்களின் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், கோயில் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

நம் பிள்ளைகள் சொந்தக் காசைப் போட்டுப் படம் எடுக்கிறார்கள். காவடியைப் பற்றி, தீமிதியைப் பற்றி, டோங்காட் கரும்புத் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டிமார்களைப் பற்றி, வீடிழந்து டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டப்பட்ட குடும்பங்களைப் பற்றி எடுக்கிறார்கள். படம் முடிந்ததும் சங்கத்திலிருந்து அழைப்பு வரும்: “தம்பி, விழாவன்று நம் மண்டபத்தில் போடலாம், ஒரு பிரதி கொடுங்கள்.” கொடுக்கிறார்கள். பொன்னாடை கிடைக்கிறது, கைதட்டல் கிடைக்கிறது. சில வாரங்களில் அந்தப் பிரதி யாருடைய யூடியூப் பக்கத்திலோ ஏறிவிடுகிறது. அதோடு அந்தப் படத்தை விற்க வழியே இல்லாமல் போகிறது.

என் ஆவணப்படம் ஒன்றுக்கு இதுதான் நடந்தது. ஒருநாள் திரையிடலுக்காக ஒரு குழுவினரிடம் கோப்பைக் கொடுத்தேன். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் அதை முழுதாக இணையத்தில் ஏற்றினார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தார்கள். நான் கட்டணத்துக்கு வைத்திருந்த பக்கத்தில் விற்பனை நின்றுபோனது. இலவசமாகக் கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

நான் கேட்பது இதுதான்: எங்கள் படங்களைச் சங்கங்கள் அன்பளிப்பாகக் கேட்காமல், உரிமக் கட்டணம் கொடுத்துத் திரையிட வேண்டும். எங்கள் முதல் வாடிக்கையாளர்கள் நீங்களாக இருக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. டர்பனில், இன்று டாக்டர் யூசுஃப் டாடூ வீதி என்று அழைக்கப்படும் கிரே வீதி வட்டாரத்தில், இன ஒதுக்கல் காலத்தில், நம்மவர்கள் நடத்திய திரையரங்குகளில் நம் தாத்தா பாட்டிகள் டிக்கெட் வாங்கித்தான் படம் பார்த்தார்கள். 1939இல் தொடங்கிய அவலான் திரையரங்கு நிறுவனம் இன்றும் இருக்கிறது. வெள்ளையர் அரங்குகளுக்குள் நுழைய முடியாத மக்கள் தங்கள் காசைக் கொண்டே தங்களுக்கான திரையை நிறுத்திவைத்தார்கள். வெளியிலிருந்து வந்த படங்களுக்குக் காசு கொடுத்த சமூகம், தன் பிள்ளைகள் எடுக்கும் படத்துக்கு மட்டும் ஏன் கொடுக்கத் தயங்குகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். பந்தல் போடுபவருக்கும் கொடுக்கிறோம்.

“பெரிய தளங்களுக்கு விற்றுவிடலாமே” என்று பலரும் சொல்கிறார்கள். நிலைமையைச் சொல்கிறேன். நெட்ஃபிளிக்ஸ் தனி ஆட்களிடமிருந்து நேரடியாகப் படம் பெறுவதில்லை. முகவர் வழியாகவோ விநியோக நிறுவனம் வழியாகவோதான் போக வேண்டும். அமேசான் 2016இல் தனி இயக்குநர்களுக்குத் திறந்துவிட்ட பிரைம் வீடியோ டைரக்ட் சேவை, 2021 பிப்ரவரியில் அவர்கள் தாமாக அனுப்பும் ஆவணப்படங்களையும் குறும்படங்களையும் ஏற்பதை நிறுத்திக்கொண்டது. அதை நம்பியிருந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று. இடைத்தரகர் நிறுவனங்கள் இருக்கின்றன. ஃபில்ம்ஹப் போன்றவை முன்பணம் வாங்காமல் வருவாயில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு பல தளங்களுக்குப் படத்தை அனுப்புகின்றன. ஆனால் அமெரிக்காவில் டிஸ்ட்ரிபர் என்ற இடைநிறுவனம் 2019இல் சரிந்தபோது, கட்டணம் செலுத்திப் படம் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய வருவாய் சிக்கிக்கொண்டதையும் நினைவில் வைக்க வேண்டும். யூடியூப் விளம்பர வருவாயில் 55 விழுக்காட்டைப் படைப்பாளிக்குத் தருகிறது. அதற்கு 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். வாரம் ஒரு காணொளி போடுபவருக்கு அது கைகூடும். மூன்று ஆண்டு உழைத்து ஒரே ஒரு படம் முடித்தவருக்கு அந்தக் கணக்கு உதவாது.

ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு எஞ்சுவது நேரடி விற்பனை. விமியோ என்ற காணொளித் தளம் 2013இல் கட்டணக் காணொளிச் சேவையைத் தொடங்கியபோது, செலவுகள் போக 90 விழுக்காடு இயக்குநருக்கு என்றது. அந்த மாதிரியில் ஒரு பக்கம் வைத்து, 60 ராண்டுக்கு வாடகையும், கொஞ்சம் கூடுதலாக விலையும் வைக்கலாம். உள்ளூர்க்காரர்களிடம் பணம் வாங்க பேஃபாஸ்ட் போன்ற சேவைகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பக்கம் இருப்பதை யாரிடம் சொல்வது? விளம்பரத்துக்குப் பணம் இல்லை. நாங்கள் சேர வேண்டிய மக்கள் உங்கள் உறுப்பினர் பட்டியலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலை எங்களிடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது சரியும் அல்ல. செய்தியை நீங்களே அனுப்பினால் போதும். படத்தின் சுட்டியும் ஒரு டிரெய்லரும் உங்கள் சங்கத்தின் பெயரில் போனால் மக்கள் நம்பித் திறப்பார்கள். விருப்பமுள்ளவர்கள் அங்கே தங்கள் முகவரியைப் பதிவு செய்வார்கள். அடுத்த படத்தின்போது அவர்களிடம் நாங்களே நேராகப் பேசலாம். பெரிய தளத்தில் ஆயிரம் பேர் பார்த்தாலும், அவர்கள் யார் என்பது எங்களுக்குத் தெரிய வராது. நேரடி விற்பனையில் எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகப் படுவது இதுதான்.

திரையிடல் கணக்கையும் பாருங்கள். ஒரு மண்டபத்தில் 200 பேர் ஆளுக்கு 50 ராண்ட் கொடுத்தால் 10,000 ராண்ட். அதில் பாதி சங்கத்தின் தமிழ் வகுப்புக்குப் போகட்டும், பாதி இயக்குநருக்கு வரட்டும். இப்படிப் பத்துச் சங்கங்கள் செய்தால் ஒருவர் அடுத்த படத்துக்கு ஒளிப்பதிவாளரை அமர்த்தலாம். நுழைவுக் கட்டணம் வைக்க மனம் வராவிட்டால், ஒரு திரையிடலுக்கு இவ்வளவு என்று சங்கமே ஒரு தொகை கொடுக்கட்டும். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்: எந்த நாள், எந்த மண்டபம், எத்தனை முறை, கோப்பு யாரிடம் இருக்கும், முடிந்ததும் அழிக்கப்படுமா என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

சட்டச் செலவும் இருக்கிறது. 2022 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தின்படி, இணையத்தில் வணிக நோக்கில் படம் விற்பவர் திரைப்பட, வெளியீட்டு வாரியத்தில் பதிவு செய்து படத்துக்கு வயது வரம்புத் தரம் பெற வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. படப்பிடிப்புக்கு நன்கொடை தர முன்வரும் சங்கங்கள், இந்தக் கட்டணத்தையும் துணைவரிகளின் செலவையும் ஏற்றுக்கொண்டால் அது பேருதவி. படம் எடுக்கும்போது எங்களிடம் உற்சாகம் இருக்கிறது. விற்கும் கட்டத்தில்தான் கை காலியாகிவிடுகிறது.

துணைவரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் புரியாது. ஆங்கில வரிகள் இல்லையென்றால் சொந்த ஊரிலேயே பாதி அரங்கு வெளியே நிற்கும். பிரெஞ்சு வரிகளும் போட்டால் மொரீஷியசிலும் ரீயூனியனிலும் கதவு திறக்கும். அங்கும் நம்மைப் போலவே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், காவடியும் தீமிதியும் இருக்கின்றன. 1860இல் ‘ட்ரூரோ’ கப்பலில் டர்பனுக்கு வந்திறங்கியவர்களின் கதையைச் சென்னைக்காரரைவிட அவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள் என்பது என் நம்பிக்கை. அங்குள்ள சங்கங்களோடு உங்களுக்குத் தொடர்பு உண்டு, எங்களுக்கு இல்லை.

இசை விஷயத்திலும் கோயில்கள் உதவ முடியும். திருவிழாவில் ஒலிபெருக்கியில் சினிமாப் பக்திப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் காட்சி முழுவதும் பாட்டின் உரிமையாளருக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. யூடியூபில் ஏற்றினால் தானியங்கிச் சோதனை அதைக் கண்டுபிடித்து விளம்பர வருவாயை அவர் பக்கம் திருப்பிவிடலாம். படப்பிடிப்பு நடக்கும் நேரத்தில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, நம் தவில்காரரும் தப்புக்காரரும் வாசிக்கட்டும். அவர்களிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுங்கள். படமும் நன்றாக இருக்கும்.

இளைய இயக்குநர்கள் ஒப்பந்தத்தோடு உங்களிடம் ஆலோசனை கேட்டு வருவது எனக்குத் தெரியும். உங்கள் குழுக்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்: உலகம் முழுமைக்கும், எல்லா வடிவத்துக்கும், காலவரையின்றி உரிமை கேட்கிறதா அந்தத் தாள்? கோடம்பாக்கத்தில் அவுட்ரேட் என்பார்கள். ஒரு தொகை வாங்கிக்கொண்டால் பிறகு வசூல் எவ்வளவு வந்தாலும் விற்றவருக்குப் பங்கில்லை. அங்கே அந்தத் தொகையாவது கைக்கு வரும். எனக்கு வந்த தாளில் முன்பணம் ஒரு ராண்ட்கூட இல்லை, உரிமை மட்டும் பதினைந்து ஆண்டுக்குக் கேட்டிருந்தார்கள். நாடு, காலம், வடிவம் மூன்றையும் பிரித்துக் கொடுக்கவும், சங்கத் திரையிடல்களையும் சொந்தப் பக்க விற்பனையையும் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் இளையவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நம் நாட்டு அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு, போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மேடைகளில் நாம் அதைப் பெருமையோடு சொல்கிறோம். அந்த மொழியில் இங்கே படம் எடுப்பவர் வாடகை கட்ட முடியாமல் கேமராவை விற்கும் நிலை வரக்கூடாது.

உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை வையுங்கள். இயக்குநரின் எழுத்து அனுமதி இல்லாமல் எந்தப் படத்தையும் சங்கத்தின் பெயரில் இணையத்தில் ஏற்றுவதில்லை என்பது ஒன்று. ஆண்டுக்கு ஓர் உள்ளூர்ப் படத்தையாவது கட்டணம் கொடுத்துத் திரையிட வரவு செலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்குவது மற்றொன்று. ஒரு பக்க உரிம ஒப்பந்தத்துக்கான மாதிரியை நானே எழுதித் தருகிறேன். கேட்கும் எந்தச் சங்கத்துக்கும் அதை இலவசமாகக் கொடுப்பேன்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆவணப்பட இயக்குநர்