மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுரையீரலைப் பேணுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை புகையை விடுவது, தூசிக்கு முகக்கவசம், நடைப்பயிற்சி என எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆனால் ஏற்கெனவே ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோயோ உள்ளவர்களுக்கு, "இன்ஹேலரைத் தவறாமல் எடுங்கள்" என்ற ஒரே வரிதான் இருந்தது. தவறாமல் என்றால் 'நாள் தவறாமல்' என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். 'முறை தவறாமல்' என்பது விட்டுப்போகிறது. வருடக்கணக்கில் வேளை தப்பாமல் மருந்து எடுத்தும் வீசிங் அடங்காத பலருக்கு, மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் உண்மை.

அழுத்தி எடுக்கிற ஸ்ப்ரே வகையில்தான் அதிகம் பிழை நடக்கிறது. அழுத்தியதும் மருந்து மிக வேகமாகச் சீறி வெளியே வரும். அந்த நேரத்தில் மூச்சு உள்ளே போய்க்கொண்டிருக்காவிட்டால் அது நேராகத் தொண்டைச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். சிறு மூச்சுக்குழாய் வரை போவது 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துளிகள் மட்டுமே. அவையும் மெதுவான மூச்சோடு போனால்தான் வளைவுகளைத் தாண்டும். வெடுக்கென்று இழுத்தால் போகிற வழியிலேயே படிந்துவிடும்.

ஆகவே மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதிக்குள் தூசி இருக்கிறதா என்று பார்த்து, நன்றாகக் குலுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக்கமாகக் கவ்வ வேண்டும். மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கி, தொடங்கிய அந்த நொடியில் ஒரே ஒரு முறை அழுத்தி, 4, 5 விநாடிக்குத் தொடர்ந்து இழுக்க வேண்டும். பிறகு 10 விநாடி, முடியாதவர்கள் முடிந்த மட்டும், மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டாவது பஃப் (ஒரு முறை அழுத்தி எடுப்பது) வேண்டுமானால் அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்கி எடுக்கலாம். உதட்டோரத்திலோ மூக்கிலோ வெண்புகை மாதிரி கசிந்தால் அந்த பஃப் வீண்.

கையையும் மூச்சையும் இப்படிச் சேர்ப்பது பெரியவர்களுக்கே எளிதல்ல. அதனால்தான் ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் குழல். குழந்தைகளுக்கு மட்டும்தான் அது என்ற நினைப்பு தவறு. ஸ்ப்ரே எடுக்கும் யாருக்கும் அது நல்லது. ஸ்பேசருக்குள் ஒரு நேரத்தில் ஒரு பஃப் மட்டும் அழுத்தி, இயல்பாக 5, 6 முறை மூச்சு விட்டு வாங்கினால் போதும். இரண்டை ஒன்றாக அழுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, ஸ்பேசருக்குள்ளேயே தங்கிவிடும். ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்புநீரில் அலசி அப்படியே காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும்.

பொடி இன்ஹேலருக்கு இலக்கணம் தலைகீழ். அதில் மருந்தைத் தள்ளும் வாயு கிடையாது, உங்கள் மூச்சின் வேகம்தான் பொடியைக் கிளப்ப வேண்டும். எனவே பலமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்ப்ரேக்குப் பழகியவர் இதிலும் மெல்ல இழுத்தால் பொடி கிளம்பாது. கருவிக்குள் மூச்சை விடவும் கூடாது, ஈரம் பட்டால் பொடி கட்டி தட்டிவிடும். கேப்ஸ்யூல் வகையானால் இழுக்கும்போது அது கடகடவென்று சுழலும் சத்தம் கேட்க வேண்டும். இழுத்தபின் கேப்ஸ்யூலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுக்க வேண்டும். கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதைச் சொல்லிக் கொடுக்காதது யார் தவறு?

பல இன்ஹேலர்களில் இருப்பது மூச்சுக்குழாயின் அழற்சியை (உள்வீக்கத்தை) தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து. அந்தச் சொல்லைக் கேட்டதுமே பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். இன்ஹேலரில் ஒரு முறை வருவது 100, 200 மைக்ரோகிராம் போன்ற அளவு. 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை என்பது 5,000 மைக்ரோகிராம், அதுவும் உடம்பு முழுக்கச் சுற்றிவருவது. இன்ஹேலரைப் பயந்து விட்டவர்கள் கடைசியில் அந்த மாத்திரையிலேயே போய் நிற்கிறார்கள். இன்ஹேலரால் வாயில் வெண்படலம், குரல் கம்முதல் வரலாம். எடுத்த கையோடு வாயைக் கொப்பளித்து, தொண்டைவரை கரகரத்துத் துப்பினால் பெரும்பாலும் வராது.

இன்னொன்று, உடனடி இளைப்பு தணிக்கும் சால்பூட்டமாலை மட்டும் நம்பியிருப்பது. அது சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. ஆஸ்துமாவுக்கு அதை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று ஜினா என்ற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பு 2019-இலேயே சொல்லிவிட்டது. வருடத்துக்கு 3 குப்பிக்கு மேல் அது தீர்ந்தால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பஃப் போட்டும் இளைப்பு தணியாமல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

குப்பி தீர்ந்ததா என்பதைக் குலுக்கியோ தண்ணீரில் மிதக்கவிட்டோ பார்க்கக் கூடாது. மருந்து தீர்ந்த பின்னும் வாயு மிச்சமிருக்கும், அழுத்தினால் ஸ்ப்ரே வரும், உள்ளே மருந்து இருக்காது. எண் காட்டி இல்லாத குப்பி என்றால் கணக்குப் போடுங்கள்: 200 பஃப் உள்ளதை நாளுக்கு 4 என எடுத்தால் 50 நாள். தொடங்கிய நாளன்றே முடியும் தேதியைக் குப்பியின் மேல் எழுதி ஒட்டிவிடலாம்.

அடுத்த முறை இது பற்றி எழுதும்போது இரண்டு வகை இன்ஹேலருக்கும் படங்களோடு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். வாசகர்களும் மருத்துவரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு இன்ஹேலரையும் கையில் எடுத்துப் போய், அவர் முன்னால் ஒரு பஃப் எடுத்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்