மதுரையில் இறங்கி வாகைக்குளம் போக எவ்வளவு நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலை 26 அன்று புதிய முனையமும் திறக்கப்பட்ட பிறகு, மதுரையில் ஏறுவதா வாகைக்குளத்தில் ஏறுவதா என்று கணக்குப் பார்க்கும் தென்மாவட்டத்தார் பெருகியிருக்கிறார்கள். போகும்போது ஒன்றிலும் திரும்பும்போது மற்றொன்றிலும் இறங்குவோர் உண்டு. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று இணையத்தில் தேடினால் சுமார் 123 கி.மீ. என்றும், பறக்கும் நேரம் அரை மணிக்குச் சற்றுக் கூடுதல் என்றும் வருகிறது. அது நேர்கோட்டுக் கணக்கு. இவ்விரு ஊர்களுக்கும் இடையே நேரடி விமானமே கிடையாது. சாலை வழியில் அருப்புக்கோட்டை, எட்டயபுரம் கடந்து, தூத்துக்குடிக்கு அருகே மேற்கே திரும்பி நெல்லைச் சாலையைப் பிடிக்க வேண்டும். ஏறத்தாழ 145 கி.மீ.; காரில் இரண்டரை மணி நேரம்.

காரில்லாதவர் பாடு வேறு. சென்ற மழைக்காலத்தில் நான் வந்த விமானம் வாகைக்குளத்தில் தரையிறங்க முடியாமல் மதுரைக்குத் திருப்பிவிடப்பட்டது. மாற்று வாகனம் வரும் வரும் என்று ஒன்றரை மணி நேரம் காத்திருந்து அலுத்துப்போய், நான்கைந்து பேர் பேருந்தில் போவதென்று முடிவு செய்தோம். விமான நிலையம் மதுரைக்குத் தெற்கே இருக்கிறது. தூத்துக்குடிப் பேருந்து புறப்படுவதோ வடக்கே மாட்டுத்தாவணியில். சுமார் 15 கி.மீ. ஆட்டோவில் போய்ப் பேருந்தில் ஏறினால், அது சுற்றுச்சாலை வழியாக மண்டேலா நகருக்கே, அதாவது நாங்கள் கிளம்பிய விமான நிலையத்தின் பக்கத்திற்கே, எங்களைத் திரும்பக் கொண்டுவந்தது! அங்கேயே நின்று ஏறியிருக்கலாமே என்று கேட்டதற்கு, நிறுத்துவது ஓட்டுநரின் மனத்தைப் பொறுத்தது என்றார் உடன் வந்தவர். பிறகு தூத்துக்குடியில் இறங்கி, நெல்லைப் பேருந்தில் மாறி, வாகைக்குளத்தில் விட்டிருந்த என் இருசக்கர வாகனத்தை எடுக்கும்போது, மதுரையில் தரையிறங்கி ஆறு மணி நேரத்திற்கு மேல் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து பறந்த நேரம் இதில் கால் பங்குகூட இல்லை.

இதற்குப் புதிய சாலையோ பெரும் செலவோ வேண்டியதில்லை. தூத்துக்குடி, திருச்செந்தூர் செல்லும் அரசுப் பேருந்துகள் மண்டேலா நகரில் கட்டாயம் நின்று செல்ல வேண்டும். அங்கே மழைக்கு ஒதுங்க ஒரு நிழற்குடையும், விமான நிலையத்திலிருந்து அதுவரை ஒரு சிற்றுந்தும் வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு பேருந்துகளையாவது தூத்துக்குடி ஊருக்குள் போகாமல் வாகைக்குளம் வழியாக நெல்லைக்கு இயக்கிப் பார்க்கலாம். விமானம் வராத நாட்களிலும் அவற்றுக்கு நெல்லைப் பயணிகள் கிடைப்பார்கள் என்பதால் போக்குவரத்துக் கழகத்துக்கு இழப்பு வராது என்றே நினைக்கிறேன். இரு முனையங்களின் வருகைப் பகுதியிலும் அடுத்த நிலையத்துக்கான சாலைத் தொலைவையும் பேருந்து நேரத்தையும் தமிழில் எழுதி வைக்குமாறு விமான நிலைய ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ரீவைகுண்டம்.