எந்தக் கடற்கரை என்று கேட்டிருந்தாய்

தூத்துக்குடி
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய செய்தியில் மூன்றே வரி இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் பத்து நாள் துனிசியா போகிறேன், நீங்கள் கப்பலில் போன ஊர்தானே, எந்தக் கடற்கரை நல்லது என்று சொல்லுங்கள். இதற்கெல்லாம் கைப்பேசியில் தட்டிப் பதில் எழுத எனக்கு வராது. தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் போடுகிறேன். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, வந்து சேர்ந்துவிடும்.

இரண்டு பேருக்கு அறை எடுத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். அம்மா அந்த வரியை மட்டும் என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு விடுப்புக் கிடைத்திருக்காது, அவளும் பையனும் போகிறார்கள் என்று நானாகவே ஒரு பதிலைச் சொல்லிவைத்தேன். சரிதானே?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தனியாகக் கடலில் இறங்காதே. நீ முயல் தீவில் நீந்தப் பழகியவள். பத்து வயதில் படகிலிருந்து கரை வரைக்கும் நிற்காமல் நீந்தி வந்தாய். அதை இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அது வேறு கடல். அலை சிறியது, தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், ஏரி என்று நம்பி இறங்கிவிடுவோம். காற்று திரும்பினால் அரை மணி நேரத்தில் அந்தக் கடலை அடையாளம் தெரியாது.

துனிசியாவுக்கு இரண்டு கரைகள் என்று வைத்துக்கொள். தபர்க்காவிலிருந்து வடகிழக்கு மூலையில் கடலுக்குள் நீளும் கேப் போன் என்கிற போன் முனை வரை வடக்குக் கரை. அங்கிருந்து லிபியா எல்லை வரை கிழக்குக் கரை. அழகு என்றால் வடக்குதான், நான் மறுக்கவில்லை. தபர்க்காவில் ஊசி ஊசியாகப் பாறைகள் கடலோரம் நிற்கும், மலையில் மரம், எதிரே ஜெனோவாக்காரர்கள் கட்டிய கோட்டை. ஆனால் வடமேற்குக் காற்று திறந்த கடலில் தடையில்லாமல் வந்து அந்தக் கரையில் மோதும். நீவாடு, அதுதான் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். பாறை இடுக்குகளில் கடல் முள்ளெலி வேறு. பேரனைக் கூட்டிக்கொண்டு அங்கே இறங்குவது எனக்குச் சம்மதமில்லை. போவதானால் இருவரும் கடற்செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

வடக்கில் இரண்டு இடம் மட்டும் சொல்வேன். ஒன்று பிசெர்த் ஊருக்குப் பக்கத்தில் ரிமெல். பைன் மரங்கள் மணல் வரைக்கும் வந்து நிற்கும், கரையோரத்தில் பழைய கப்பல்களின் எலும்புக்கூடுகள் கிடக்கும். பேரனுக்குக் கப்பல் என்றால் உயிர், பார்க்கட்டும், மேலே ஏறவேண்டாம், துருப்பிடித்த இரும்பு. இன்னொன்று கார் எல் மெல்ஹ். ஒரு காலத்தில் கடற்கொள்ளையர்களின் துறைமுகம், இப்போது மீன்பிடிப் படகுகள். நான் அங்கே பார்த்து அதிசயித்தது கடற்கரையை அல்ல, தோட்டத்தை. உப்பு நீர் ஏரியின் ஓரத்தில் வெறும் மணலில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் ஏறும்போது அதையும் மேலே தள்ளிக் கொண்டுவந்து வேருக்குக் கொடுக்கிறது. யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மணலின் உயரம் மட்டும் சரியாக இருக்கவேண்டும், கொஞ்சம் குறைந்தால் உப்பு, கூடினால் வறட்சி. 2020-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இதை உலக வேளாண் மரபாக அறிவித்தது. செய்தியில் பார்த்தபோது உன்னிடம் சொல்ல நினைத்தேன். அன்று நீ போனை எடுக்கவில்லை.

எடுக்காததைக் குறையாகச் சொல்லவில்லை. உனக்கு வேலை இருக்கும். ஆனால் இந்த மூன்று மாதமாக நீ பேசும்போதெல்லாம் "எல்லாம் நன்றாக இருக்கிறது அப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறாய். நன்றாக இருக்கிற வீட்டில் இவ்வளவு சுருக்கமாகப் பேசமாட்டார்கள் என்பது அம்மாவின் கருத்து.

கிழக்குக் கரைக்கு வருகிறேன். போன் முனையைத் தாண்டியதும் கெலிபியா. நான் அதைக் கடலிலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவே வரும் கப்பல் எல்லாவற்றுக்கும் அந்தக் குன்றும் கோட்டையும் தெரியும். என்னோடு வேலை பார்த்த துனிசியக்காரர்கள் யாரைக் கேட்டாலும் மன்சூரா கடற்கரையைத்தான் முதலில் சொன்னார்கள். வெளிறிய மணல், தெளிந்த நீர். ரயில் கிடையாது, லுவாஜ் என்கிற பங்கு வண்டியில்தான் போகவேண்டும். எட்டுப் பேர் சேர்ந்தால் கிளம்பும். பகலில் போ, இரவில் வேண்டாம்.

ஹம்மாமத்தும் சூஸும் எல்லோரும் போகிற இடம். ஆகஸ்டில் கால் வைக்க இடம் இருக்காது. 2015-ல் சூஸ் கடற்கரையில் 38 பேரைச் சுட்டுக் கொன்றதை அம்மா இன்னும் மறக்கவில்லை. நீ ஊர்ப் பெயரைச் சொன்னதும் முதலில் அதைத்தான் கேட்டாள். இத்தனை வருடம் ஆகிவிட்டது, பயப்படாதே என்று நான் சொன்னேன். நீயும் ஒரு முறை சொல், அவள் உன் வாயால் கேட்கவேண்டும்.

என்னைக் கேட்டால் மஹ்தியா. பத்து நாளில் ஐந்து நாளை அங்கே வைத்துக்கொள். மொனாஸ்டிர் விமான நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே ரயில் நிலையம், மஹ்தியா வரைக்கும் மின்சார ரயில் போகிறது. மணல் மாவாக இருக்கும். கரை மெல்லச் சரிந்து போவதால் பேரன் வெகுதூரம் நடந்தாலும் நெஞ்சளவுக்குள் நிற்பான். தென்காற்று, மேல்காற்று அடிக்கும் நாளில் கடல் தட்டாகக் கிடக்கும். வாடை அடித்தால் அலை வரும். அன்றைக்கு நீரில் இறங்காமல் பழைய ஊருக்குள் நடந்து முனைக்குப் போங்கள். கடலைப் பார்த்தபடி வெள்ளைக் கல்லறைகள், கடைசியில் கலங்கரை விளக்கம், பாறையைக் குடைந்து வெட்டிய ஆயிரம் வருடத்துப் பழைய துறைமுகம். அந்தக் கடலில்தான் 1907-ல் கடற்பஞ்சு எடுக்க முங்கிய கிரேக்கர்கள் பழைய ரோமானியக் காலத்துக் கப்பல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வெண்கலச் சிலைகள், பளிங்குத் தூண்கள், எல்லாம் துனிஸில் பார்தோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பேரனிடம் சொல்.

கரையில் பழுப்பு நிறத்தில் குவியல் குவியலாகக் காய்ந்த இலை கிடந்தால் அருவருக்காதே. அது கடற்புல். அது ஒதுங்குகிற கடல் நல்ல கடல். ஆகஸ்ட் கடைசியில் சொறிமீன் (ஜெல்லிமீன்) வரும், குளிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கு. சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைக்கவும் வேண்டாம். கொடி இல்லாத கரையில் தனியாக இறங்காதே. முன்பே எழுதிவிட்டேன், இருந்தாலும் எழுதுகிறேன்.

ஸ்ஃபாக்ஸில் நான் போன காலத்தில் குளிக்கிற கடற்கரை இல்லை, பாஸ்பேட் தூசிதான். காபெஸ் வேண்டவே வேண்டாம். பேரீச்சந்தோப்பு கடல் வரைக்கும் வருகிற அபூர்வமான ஊர். 1970-களிலிருந்து உரத் தொழிற்சாலைக் கழிவைக் கடலில் விட்டுக் கெடுத்துவிட்டார்கள். அங்கே செய்கிற பாஸ்பாரிக் அமிலம் நம் நாட்டு உரத்துக்கும் வந்தது, ஏற்றிய கப்பல்களில் நானும் இருந்தேன். தெற்கே ஜெர்பா தீவு நல்லது. சீதி மஹ்ரெஸ் என்று நீண்ட மணற்கரை, தட்டையான கடல், குளிர்காலமென்றால் பூநாரையும் பார்க்கலாம். மஹ்தியாவில் அறை கிடைக்காவிட்டால் ஜெர்பா. கெர்கென்னா தீவுக்குப் போகவேண்டாம். ஆழமே இல்லாத கடல், பார்க்க ஒன்றுமில்லை.

இதுவரை எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிட முடியவில்லை. கெர்கென்னாவைப் பற்றி எழுதியது பொய்.

2006 ஜனவரி. எங்கள் கப்பல் ஸ்ஃபாக்ஸில் பாஸ்பேட் ஏற்றக் காத்திருந்தது. முன்னால் இரண்டு கப்பல்கள், இடையில் மழை. மழையில் சரக்கு அறையின் ஹேட்ச் மூடியைத் திறக்க முடியாது. மூன்றாம் நாள் ஏஜென்ட் தபால் கட்டைக் கொண்டுவந்தான். அதில் நீல ஏரோகிராமில் உன் கையெழுத்து இருந்தது.

ஆம், மகளே. அந்தக் கடிதம் எனக்குக் கிடைத்தது.

கப்பலில் வைத்துப் படிக்க முடியாமல் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கெர்கென்னா படகில் ஏறினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். தீவில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, அதன் உச்சியே 13 மீட்டர்தான். குளிர்காலம், கரையில் ஒரு ஆள் இல்லை. பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்கிற மண் குடங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கடல் வற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காபெஸ் வளைகுடாவில் ஏற்றவற்றம் இரண்டு மீட்டர் வரை வரும், மத்தியதரைக் கடலில் அப்படி வேறு இடம் காண்பது அரிது. பேரீச்ச மட்டைகளை வரிசையாகக் கடலில் நட்டு வேலி கட்டியிருந்தார்கள். ஷர்ஃபியா என்று பெயர். வற்றும் தண்ணீரோடு கிளம்புகிற மீன் அந்த வேலியை ஒட்டியே போய்க் கடைசிக் கூண்டுக்குள் நுழைந்துவிடும். ஒரு கிழவர் படகை நிறுத்தி எனக்குச் சைகையில் விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே உன் கடிதத்தைக் கையில் வைத்திருந்தேன்.

நீ கேட்டது ஒரு வருடம். கல்யாணம் வேண்டாம் என்றுகூட நீ எழுதவில்லை. படிப்பை முடித்துக்கொள்கிறேன், அவரோடு பேசிய இரண்டு முறையும் எனக்குப் பயமாக இருந்தது, அம்மாவிடம் சொல்ல முடியவில்லை, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எழுதியிருந்தாய். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் கொடுத்த சொல் என் கண் முன்னால் நின்றது, நீ நிற்கவில்லை. அன்று மாலை ஸ்ஃபாக்ஸில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். அம்மா நகைக் கணக்கைச் சொன்னாள். பிறகு நீ ரிசீவரை வாங்கி, "கடிதம் வந்ததா அப்பா?" என்று கேட்டாய். "இன்னும் வரவில்லையே, அங்கேயெல்லாம் தபால் தாமதமாகும்" என்றேன்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், சின்னம்மா வீட்டு மாடியில் வைத்து, "அந்தக் கடிதம் தொலைந்ததும் நல்லதுக்குத்தான், ஏதோ பயத்தில் எழுதிவிட்டேன்" என்று நீ எனக்குச் சமாதானம் சொன்னாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பந்திக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது போல உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்திருக்கிறார். உன்னிடம் எப்படி இருக்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். மூன்று மாதமாக உன் குரல் 2006-ல் ரிசீவரில் கேட்ட குரலாகவே இருக்கிறது. இந்த முறை கடிதம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். எழுது. பேச வேண்டுமானால் காலை ஆறு மணிக்கு இங்கே கூப்பிடு, அம்மா அப்போது பூசைக்குப் போயிருப்பாள். உங்களுக்கு அது நடுராத்திரி கழிந்த நேரம் என்று தெரியும். நீ அந்த நேரத்தில் விழித்திருக்கிறாய் என்பதை உன் செய்திகளில் பார்க்கிறேன்.

உன் ஏரோகிராம் நீல டிரங்குப் பெட்டியில், என் கப்பல் சான்றிதழ்களுக்கு அடியில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது.

கெர்கென்னாவுக்குப் போவதானால் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் காலைப் படகைப் பிடி. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் குளிக்கலாம், வற்றினால் முழங்கால் அளவுதான். பேரன் அங்கே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம்.

மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். மாதா கோயில் திருவிழாவுக்கு விருந்தாளிகள் வருவார்கள் என்று அம்மாவிடம் காரணம் சொன்னேன். பேரனின் கால் அளவை எழுது, கடற்செருப்பை இங்கேயே வாங்கி அனுப்புகிறேன்.

உன் அப்பா