‘சீ’ என்று நிற்கும் விலைப் பலகை: எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் பணிப்பாளர் சபையினருக்கும்,

வணக்கம். எந்தச் சங்கம், எந்தக் கிளை என்று நான் எழுதப்போவதில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கிராமம் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். இரண்டு பந்தி படித்தால் உங்களுக்கே விளங்கிவிடும்.

போன மாதம் மாதர் சங்கக் கட்டடத்தில் நீங்கள் நடத்திய ‘குறைந்த செலவில் குடும்ப உணவு’ செயலமர்வுக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. வளவாளராக வந்த தங்கச்சி நன்றாகவே பேசினார். ஒரு வாரத்துக்கு என்ன சமைப்பது என்று முன்கூட்டியே எழுதுங்கள், எழுதியதை மட்டும் வாங்குங்கள், பசியோடு கடைக்குப் போகாதீர்கள் என்றார். எல்லாம் சரியான பேச்சு. பகல் ஒரு மணிக்குப் பட்டணத்துக் கடையிலிருந்து கோழிப் புரியாணிப் பொதிகள் வந்து இறங்கின. சிக்கனச் சமையலைப் பற்றிய கூட்டத்தில் அடுப்பு மூட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நானும் சாப்பிட்டேன், பாதியைப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொண்டு போனேன்.

என்னை எழுத வைத்தது அந்தப் பொதியல்ல, அதற்கடுத்த சனிக்கிழமை உங்கள் கடையில் நடந்தது. அதற்கு முன் என் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாரத் திட்டம் எனக்குப் புதிதல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்துக்கு ஏறியது. அந்தக் கணக்கைப் பேப்பரில் பார்ப்பதற்கு முன்பே எங்கள் குசினியில் நான் பார்த்துவிட்டேன். அந்த மாதம் மகனின் பழைய கணக்குக் கொப்பியில் மீதியிருந்த தாள்களில் எழுதத் தொடங்கினேன். இப்போது ஐந்தாவது கொப்பி. வீட்டில் ஐந்து பேர்: நான், கணவர், மாமி, இரண்டு பிள்ளைகள். கணவர் மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறவர். சம்பளம் சனிக்கிழமை பின்னேரம் கைக்கு வரும். ஆகையால் எங்கள் வீட்டு வாரம் திங்களில் பிறப்பதில்லை, சனி பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறக்கிறது. மாதச் சாமானை மொத்தமாக வாங்கினால் மலிவு என்று உங்கள் துண்டுப் பிரசுரம் சொல்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது உண்மை.

கொப்பியில் முதலில் காசில்லாமல் கிடைப்பதை எழுதுவேன். வேலி முருங்கையின் இலை, கிணற்றடிப் பொன்னாங்காணி, மாமி வைத்த வாழை. பிறகு மீன். பின்னேரம் விற்று மிஞ்சிய ஆற்று மீன் குறைந்த விலைக்கு வந்தால் அன்று இரவும் மறுநாள் காலையும் அதே கறிதான். முதல் நாள் மீன் கறிக்குப் பழஞ்சோறு போல் சோடி வேறு கிடையாது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் ஊர் முழுக்க மீனும் இறைச்சியும் சமைப்பது நிற்கும், மரக்கறி விலை துள்ளும். அந்த வாரத்துக்குப் பூசணியும் வாழைக்காயும் முன்னமே பார்த்து வைத்துவிடுவேன். தேங்காயை உடைத்தால் கண் உள்ள பாதியைத்தான் முதலில் துருவுவேன், அதுதான் விரைவில் பழுதாகும். மற்றப் பாதிக்கு உப்புத் தடவி நாளைய சம்பலுக்கு வைப்பேன். முதற்பால் பாலாணத்துக்கு, இரண்டாம் பால் கத்தரிக்காய்க்கு. செயலமர்வில் எவரும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் வரிசையில் இருந்த கிழவி ஒருத்தியே முழு நாளும் வகுப்பு எடுத்திருப்பார்.

இவ்வளவும் போக, காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டியவை ஏழெட்டுச் சாமான்தான்: அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய், தேங்காய், பால்மா, நெத்தலி. இவற்றின் விலை தெரிந்தால் என் கொப்பி திட்டம். தெரியாவிட்டால் அது கற்பனைக் கதை.

இனிப் பலகைக்கு வருகிறேன்.

உங்கள் கிளையின் வாசலுக்கு வலப்பக்கம் ஒரு கரும்பலகை தொங்குகிறது. மேலே வெள்ளைப் பெயின்றில் ‘பொருள், அளவு, விலை’ என்று அழகாகப் பிரித்து எழுதியிருக்கிறது. கீழே ஒன்றுமில்லை. முற்றாக ஒன்றுமில்லை என்று சொல்லவும் முடியாது. எப்போதோ எழுதிய ‘சீனி’யில் பின்னெழுத்து அழிந்து முன்னெழுத்து மட்டும் நிற்கிறது. கடைக்குள் கால் வைக்கும் ஒவ்வொரு அங்கத்தவரையும் பார்த்து எங்கள் சங்கம் ‘சீ’ என்கிறது.

அந்தச் சனிக்கிழமை போன கிழமை விலைகளை வைத்துக் கணக்குப் பார்த்து 4,800 ரூபாய் கொண்டுபோனேன். சாமான்களை எடுத்து மேசையில் வைத்தேன். காசு வாங்கும் தம்பி கல்குலேட்டரில் தட்டி, மட்டைத் துண்டொன்றில் மொத்தத்தை மட்டும் எழுதி என் பக்கம் திருப்பினார்: 5,260. எது கூடியது என்று கேட்டேன். “எல்லாம் கூடித்தான் அக்கா” என்றார். பின்னால் ஆறு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் என் மகளின் ரீச்சர்.

460 ரூபாய்க்கு எதைத் திருப்பி வைப்பது? அரிசியை வைக்க முடியாது. சின்னவனின் பால்மாவை வைக்க முடியாது. எண்ணெய் இல்லாமல் தாளிக்க முடியாது. சீனியைத் தொட்டேன், காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வேலைக்குப் போகிற மனிசனை நினைத்துக் கையை எடுத்தேன். கடைசியில் கால் கிலோ நெத்தலியைத் திருப்பி வைத்தேன், 310 ரூபாய் குறைந்தது. இன்னும் 150. அரைக் கிலோ பருப்பையும் வைத்தேன். கணக்குச் சரி. தம்பி நெத்தலியை எடுத்துக் கொட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தபோது அந்த மணத்துக்கு என் பின்னால் நின்றவர் மூக்கைச் சுளித்ததுகூட நினைவிருக்கிறது. செயலமர்வில் ‘புரதம், புரதம்’ என்று பதினைந்து தடவையாவது சொன்னீர்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் எழுதி வைத்திருந்த புரதம் அந்த இரண்டும்தான்.

திங்கட்கிழமைப் பருப்பும் புதன்கிழமை நெத்தலிச் சொதியும் இல்லாமல் போனதால் முருங்கை இலைச் சுண்டல் மூன்று நாள் வந்தது. மாமி வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தாங்க முடியாமல் பக்கத்துப் பெட்டிக்கடையில் 100 கிராம் பருப்புப் பைக்கற் வாங்கினேன், 40 ரூபாய். உங்களிடம் கிலோ 300, அங்கே கிலோவுக்கு 400 விழுகிறது. பெட்டிக்கடைக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன்; அவர் பொதி கட்டுகிற பையும் நூலும் சும்மா வருவதில்லை. ஆனால் அரைக் கிலோவை இப்படி ஐந்து தடவையாக வாங்குகிறவள் 50 ரூபாய் அபராதம் கட்டுகிறாள். விலை தெரியாமல் திட்டம் போட்ட குற்றத்துக்கு.

ஆகையால் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: விலைப் பலகையில் விலையை எழுதுங்கள். எழுதிய திகதியையும் போடுங்கள். சனிக்கிழமை காலையில் எழுதினால் போதும். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. கடனுக்குக் கேட்கவில்லை. விலை கூடியிருந்தால் கூடியதையே எழுதுங்கள். வீட்டில் வைத்தே பருப்பை வெட்டிக்கொள்கிறேன், சனங்களுக்கு முன்னால் வெட்ட வேண்டியதில்லை.

விலை போட்ட கடைக்குப் போகலாமே என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. போகலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அக்கரைக்குப் போக ஓடத்துக்காகக் காத்து நிற்கத் தேவையில்லை. ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் வாசலிலேயே விலை எழுதி வைத்திருக்கும் கடைகள் உண்டு. ஆனால் போகவரப் பஸ் காசும் அரை நாளும் போனால் மலிவில் மிஞ்சியது பாலத்திலேயே தீர்ந்துவிடும். அதோடு நான் சங்கத்தின் அங்கத்தவர். மாமனார் பங்குப் பணம் கட்டிய சங்கம். மாமி இன்றைக்கும் கடை என்று சொல்வதில்லை, ‘சங்கம்’ என்றுதான் சொல்வார். அந்தக் காலத்துப் பங்கீட்டுக் கூப்பன் அரிசிக்கு அதிகாலையில் வந்து வரிசையில் நின்ற கதையைச் சொல்லும்போதுகூட, ஆளுக்கு எத்தனை கொத்து, என்ன விலை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பார்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். பெரும்போக அறுவடைக் காலத்தில் எங்கள் வயல் வட்டைகளிலிருந்து ஈர நெல்லை லொறி லொறியாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். காய வைக்கத் தளமும் சேர்த்து வைக்க இடமும் இல்லாத விவசாயி கேட்ட விலைக்குக் கொடுக்கிறார். அது பொலன்னறுவைப் பக்கத்து ஆலைகளில் அவிந்து குற்றுப்பட்டு, வர்ணப் பையில் புகுந்து, அரிசியாக இதே ஊருக்கு விருந்தாளிபோல் திரும்பி வருகிறது. நெல் விளையும் மண்ணில் இருந்துகொண்டு அரிசிக்குத் திட்டம் போடும் சாமர்த்தியம் எங்களிடம்தான் இருக்கிறது. செயலமர்வு என்றால் எங்களுக்குக் குறைவே இல்லை: சேமிப்புக்கு ஒன்று, போசாக்குக்கு ஒன்று, வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் கையொப்பம் வாங்குவார்கள், படம் எடுப்பார்கள், பதாகையை மடித்துக்கொண்டு போவார்கள். அடுத்ததாகப் பசியைத் திட்டமிடுவது எப்படி என்று ஒன்று வைத்தாலும் போய் இருப்போம், பொதி தருவதாக இருந்தால்.

மன்னிக்க வேண்டும். நெல்லும் ஆலையும் உங்கள் கையில் இல்லை. பலகை உங்கள் கையில் இருக்கிறது.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது என் பழக்கமல்ல. ஆனாலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரம் செய்கிறவர் விலையைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்சிக்கு வைக்க வேண்டும் என்கிறது. வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டும் கொடுக்க வேண்டும். மட்டைத் துண்டு பற்றுச்சீட்டாகாது. அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும் என்று பக்கத்து வீட்டுத் தம்பி இலக்கத்தை எழுதியும் தந்தார். அந்தத் துண்டு கொப்பிக்குள் இருக்கிறது. அழைக்கவில்லை. நம்முடைய சங்கத்தை நாமே போய்க் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு தயக்கம். அந்தத் தயக்கம் எத்தனை சனிக்கிழமை தாங்கும் என்று எனக்கே தெரியவில்லை.

கிளையில் ஆள் குறைவு, தம்பி ஒருவரே எல்லாம் பார்க்கிறார் என்பதும் தெரியும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. என் நெத்தலியைத் திருப்பிக் கொட்டும்போது அவர் முகமும் நன்றாக இருக்கவில்லை. எட்டுச் சாமானின் விலையை எழுதப் பத்து நிமிடம் போதும். கை உதவி வேண்டுமானால் என் மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள், எழுத்து முத்துமுத்தாக இருக்கும், சனி காலையில் அனுப்பிவைக்கிறேன். விலையை மட்டும் அவளுக்குச் சொல்லுங்கள்.

தயவுசெய்து வருகிற சனிக்கிழமையிலிருந்து பலகையில் எழுதுங்கள். வெண்கட்டி முடிந்துவிட்டது என்றால் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். ஒரு பெட்டிக்கு இந்த வாரக் கொப்பியில் இடம் ஒதுக்கியிருக்கிறேன், சீனிக்குக் கீழே.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் அங்கத்தவர் ஒருத்தி,
படுவான்கரை, மட்டக்களப்பு.