ஆர்32 வாங்குமுன் டயரை அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பழைய ஜப்பானியக் கார்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 1989 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32 நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமாகச் சக்தி தருவதாகச் சொல்கிறது. அது தவறு. அதை நம்பி வாங்குபவர் எதை முதலில் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்காமலே விட்டுவிடுவார்.

சாதாரணமாக ஓடும்போது ஆர்32 பின்சக்கரக் கார்தான். கியர்பாக்ஸிலிருந்து சக்தி நேராகப் பின்னால் போகிறது. பின் சக்கரம் வழுக்கினால் மட்டுமே, சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குள் எண்ணெயில் நனைந்திருக்கும் கிளட்ச் தட்டுகளை ஹைட்ராலிக் அழுத்தம் இறுக்கி, முன் சக்கரங்களுக்கும் ஒரு பங்கைக் கொடுக்கிறது. அதிகபட்சம் பாதிக்குப் பாதி. இந்த ஏற்பாட்டின் பெயர் அட்டெசா ஈ-டிஎஸ். வழுக்குகிறதா என்பதை அதன் கணினி நான்கு சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுத்தான் தெரிந்துகொள்கிறது.

வினை இங்கேதான் தொடங்குகிறது. பின் டயர்கள் முதலில் தேயும். செலவை நினைத்து அவற்றை மாற்றாமலே ஓட்டுவார்கள். தொழிற்சாலை அளவு 225/50 ஆர்16, விட்டம் ஏறக்குறைய 631 மி.மீ. முன் டயரைவிடப் பின் டயர் 5 மி.மீ. கூடுதலாகத் தேய்ந்திருந்தால் விட்டத்தில் 10 மி.மீ. குறையும். நேர்ச்சாலையிலேயே பின் சக்கரம் ஒன்றரை சதவீதம் வேகமாகச் சுழலும். கணினி அதை வழுக்கலாக எடுத்துக்கொண்டு தட்டுகளை இறுக்கும். டிரான்ஸ்ஃபர் பெட்டி சூடாகித் தட்டுகள் தேயும். பின்னால் அகலமான டயர் போடுபவர்களும் அகலத்தை மட்டும் பார்க்காமல் விட்டத்தைக் கணக்கிட வேண்டும். ஆகவே, பானெட்டைத் திறப்பதற்கு முன்பு டேப்பை எடுத்து நான்கு டயர்களின் சுற்றளவையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணெய். டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கு ஊற்றுவது ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான எண்ணெய். கியர் ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்தால் முன் சக்கரம் தாமதமாகப் பிடிக்கும். காற்றை வெளியேற்றும் வேலையை அரைகுறையாகச் செய்தால் பலனில்லை. குமிழ் நின்று எண்ணெய் தெளிவாக வரும்வரை செய்ய வேண்டும். சக்தியை அளக்கும் உருளை இயந்திரமான டைனோவில், இரண்டு சக்கர வகையில் ஏற்றுவதென்றால், முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டே ஏற்ற வேண்டும்.

எஞ்சினின் 2,568 சிசி விசித்திரமான அளவு என்கிறது கட்டுரை. காரணம் பந்தய விதியில் இருக்கிறது. குரூப் ஏ விதிப்படி டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்குவார்கள், பெருக்கினால் 4,366 சிசி, 4,500 சிசி வகுப்புக்குள் அடங்குகிறது. 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பின் 29 பந்தயங்களையும் ஆர்32 வென்றதற்கு அடித்தளம் இந்தக் கணக்குதான்.

டர்போ அழுத்தக் குழாயில் உள்ள சிறுதுளை அடைப்பானை எடுத்துவிட்டால் இலவசமாகச் சக்தி கூடும் என்று கட்டுரை தரும் யோசனையைத்தான் ஏற்கவே முடியவில்லை. அழுத்தம் சுமார் 0.7 பாரிலிருந்து 1 பார் அளவுக்கு ஏறும் என்பது உண்மை. ஆனால் இரண்டு டர்போக்களிலும் புகைப் பக்கச் சக்கரம் செராமிக்கால் ஆனது. முப்பது ஆண்டு தாண்டிய செராமிக், கூடுதல் சூட்டிலும் சுழற்சியிலும் தண்டை விட்டுக் கழன்று நொறுங்கும். துணுக்குகள் சிலிண்டருக்குள் போனால் எஞ்சினே போயிற்று. அழுத்தத்தை உயர்த்த விரும்புபவர் முதலில் உலோகச் சக்கர டர்போவுக்கு மாறட்டும்.

அதற்கும் முன்னால் ஆயில் பம்பைப் பார்க்க வேண்டும். தொடக்க ஆண்டுகளின் கிராங்க் ஷாஃப்டில் பம்பைச் சுழற்றும் தட்டையான பகுதி குறுகலானது. சுழற்சி வரம்பை அடிக்கடி முட்டினால் பம்பின் பல்சக்கரம் உடையும். ஒரு நொடியில் பேரிங்குகள் உலர்ந்துவிடும். எஞ்சினைப் பிரிக்கும்போதே அந்தப் பகுதிக்கு அகலமான காலரை (வளையத்தை) பொருத்தி, பம்பையும் மாற்றிவிடுவதே சரி. நீண்ட நேரம் உச்சச் சுழற்சியில் ஓட்டினால் எண்ணெய் மேலே சிலிண்டர் ஹெட்டிலேயே தேங்கி, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப் வற்றும் தொல்லையும் உண்டு. ஹெட்டுக்குப் போகும் வழியில் கட்டுப்படுத்தும் துளையும், பெரிய சம்ப்பும் அதற்கு மருந்து.

முடுக்கும்போது எஞ்சின் விக்கினால் உடனே டர்போவைக் குறைசொல்ல வேண்டாம். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களின் வயர்கள் வெப்பத்தில் இறுகி விரிசல் விட்டிருக்கும், அல்லது இரண்டு காற்றளவிகளில் ஒன்றின் ஈயப்பற்று விட்டிருக்கும். 1.1 மி.மீ. பிளக் இடைவெளியை 0.8 ஆக்கிப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும். பழைய வயர் ஹார்னஸை (வயர் தொகுப்பை)த் தேடி அலைய வேண்டியதில்லை. நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ 2017 டிசம்பரில் தொடங்கிய ஹெரிடேஜ் திட்டம் ஆர்32-க்குப் புதிய ஹார்னஸையே தருகிறது.

டைமிங் பெல்ட்டுக்கு 1,00,000 கி.மீ. என்பது புதுக் காருக்குச் சொன்ன கணக்கு. மீட்டர் பலகையை எளிதில் மாற்றிவிடலாம் என்பதால் அதிலுள்ள எண்ணை நம்பாமல், வாங்கியதும் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். முன் சஸ்பென்ஷன் பொருந்தும் ஸ்ட்ரட் கோபுரங்களின் மேற்புறத் துரு, சேஸிஸ் எண் பிஎன்ஆர்32 என்று தொடங்குகிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. எச்சிஆர்32 என்று இருந்தால் அது பின்சக்கர ஜிடிஎஸ்-டி. ஜிடி-ஆர் உடுப்பு போட்டிருக்கிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமுன், நான்கு சக்கர இயக்கம் பற்றிய வரியையும் அடைப்பானை எடுக்கச் சொல்லும் வரியையும் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்