புரியாமை அவன் பக்கம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆட்டிசம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'இக்குழந்தைகளுக்குப் பிறர் மனம் புரியாது' என்றொரு வரி. ஆட்டிசம் உள்ள பத்து வயது மகனை வளர்க்கும் எனக்கு அந்த வரி முள்ளாய்த் தைத்தது.

பாரன்-கோஹன், லெஸ்லி, ஃபிரித் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1985இல் வெளியிட்ட சோதனைதான் இதற்கு வேர். ஸாலி என்ற பொம்மை கோலியைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறது. ஸாலி திரும்பி வந்து எங்கே தேடும்? மாற்றியதைப் பார்க்காததால் கூடையில்தான் தேடும். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். சரியாகச் சொன்ன நால்வரைப் பற்றி ஏன் பேச்சே இல்லை?

டேமியன் மில்டன் ஆட்டிசம் உள்ள ஆய்வாளர். புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் அவர் எழுதினார். எங்கள் வீட்டில் அதைக் கண்ணாரக் கண்டோம். வகுப்பில் ஆசிரியை "வாயை மூடு" என்றிருக்கிறார். என் மகன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு மணியடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். கேலி செய்கிறான் என்று தண்டனை கிடைத்தது. சொன்னதை அப்படியே செய்த பிள்ளை அவன். அங்கே யார் மனம் யாருக்குப் புரியவில்லை?

ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் ஒன்றிலேயே ஆழ்ந்துவிடும் என்று டைனா மர்ரேயும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் எழுதிய கருத்துதான் எனக்கு நடைமுறையில் கைகொடுத்தது. குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயிலின் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டும்போது, பத்து முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவன் திரும்ப மாட்டான். முன்பெல்லாம் கையைப் பிடித்து இழுப்பேன், அலறுவான். இப்போது பக்கத்தில் நின்று நானும் எஞ்சினைப் பார்க்கிறேன். "புகை அடங்கியதும் வீட்டுக்குப் போகலாம்" என்று ஒருமுறை சொன்னால் போதும், வந்துவிடுகிறான். கழித்தல் கணக்கையும் இந்தப் பாதையின் 16 சுரங்கங்களை வைத்துத்தான் கற்றான்.

பள்ளிகளிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நேரடியாகச் சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல்லுங்கள், மாற்றம் இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தங்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இதைப் பற்றி ஆட்டிசம் உள்ள பெரியவர் ஒருவரையே எழுதச் சொல்லுங்கள்.

ஒரு தாய்,
குன்னூர், நீலகிரி.