தேன்பெட்டியும் கணக்கு நோட்டும்

மார்த்தாண்டம்
தை மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன் வகுப்பு தொடங்கப் போவதாகவும், அதற்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். புத்தகம் வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தை விரிவாக எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் தாமதித்தேன்.

பணி ஓய்வுக்குப் பின், எங்கள் வீட்டை அடுத்த ரப்பர் தோட்டத்து ஓரத்தில் பதினான்கு பிள்ளைகளைத் தேனீ வளர்க்கப் பழக்கி வருகிறேன். முதல் ஆண்டு தவறு செய்தேன். கொட்டிவிடுமே என்ற அச்சத்தில் பெட்டியை நானே திறந்தேன், தேனடையையும் நானே தூக்கினேன். பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார்கள். ஆனால், நான் காய்ச்சலில் படுத்த வாரத்தில் ஒருவர்கூடப் பெட்டியின் பக்கம் போகவில்லை. மறு ஆண்டு ஆளுக்கொரு பெட்டியையும் ஒரு கணக்கு நோட்டையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

சென்ற ஆடி மழையில் நடந்ததைச் சொல்கிறேன். அது தேனீக்களுக்குத் தேன் கிடைக்காத காலம். சர்க்கரைப் பாகு வைத்துத்தான் தேனீக்களைக் காப்பாற்ற வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பள்ளித் தேர்வைச் சொல்லி இரண்டு வாரம் பாகு வைக்கவில்லை. பிறகு திறந்தபோது தேனீக்கள் பெட்டியை விட்டுப் போயிருந்தன. வெறும் அடைகளில், அடையைத் தின்னும் மெழுகுப் புழு நூல் கட்டியிருந்தது. அவள் அழுதாள். நான் கடிந்துகொள்ளவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. நோட்டை எடுத்து வா என்று மட்டும் சொன்னேன். தேதிகளைத் திருப்பிப் பார்த்து, கடைசியாகப் பாகு வைத்த நாளின் கீழே அவளே கோடு போட்டாள். கார்த்திகையில், பக்கத்துப் பெட்டிக்காரப் பையனிடம் பேசி, முதல் தேனில் பாதியைத் தருவதாக ஒப்புக்கொண்டு, அவனுடைய தேனீக் கூட்டத்தைப் பிரித்து ஒரு பங்கை வாங்கிவிட்டாள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், உணர்ச்சிகளைச் சமாளித்தல், பிறரோடு பேசிப் பழகுதல் எல்லாம் அந்த நான்கு மாதத்தில் இருந்தன. அவற்றின் பெயர்களை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இது நான் கண்டுபிடித்த வழியன்று. 1902-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஆல்பர்ட் கிரஹாம் என்ற பள்ளி அதிகாரி சிறுவர்களை மக்காச்சோளம் பயிரிடவும் மண்ணைச் சோதிக்கவும் வைத்துத் தொடங்கிய குழுவிலிருந்துதான் ஃபோர்-எச் என்ற இளையோர் இயக்கம் வளர்ந்தது. புது விதைகளைப் பெரியவர்கள் நம்பாத இடங்களில், பிள்ளைகளின் பாத்தியைப் பார்த்தே தகப்பன்மார் மனம் மாறினார்கள். நம் மார்த்தாண்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1920-களில், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறித்தவ இளைஞர் சங்கம் நடத்திய கிராமப் புனரமைப்புப் பணியில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் தேனீயும் கோழியும் வளர்க்கச் சொல்லிக் கொடுத்ததும் செய்து காட்டும் முறையில்தான்.

நாம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்ததை நினைத்துப் பார். சில நாள் முகாமில் சாலை போட்டோம். உன் நட்பு எனக்கு அங்கேதான் கிடைத்தது, அதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால், அந்தச் சாலை அடுத்த மழைக்குத் தாங்கியதா என்று நாம் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: ஓர் ஆண்டாவது நீளும் வேலையாக எடு. தேனீதான் வேண்டும் என்பதில்லை. ஆடோ காய்கறித் தோட்டமோ போதும். கவனம் தவறினால் இழப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும்; அந்த இழப்பு பிள்ளை தாங்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும்.

இங்கே ரப்பர் தளிர்விடத் தொடங்கிவிட்டது. இந்த மரத்தின் தேன் பூவிலன்று, இளந்தளிரின் காம்பு நுனியில் சுரக்கிறது என்பதை நீ நேரில் பார்க்க வேண்டும். மாசியில் தேன் எடுப்போம், அப்போது வந்து இரண்டு நாள் தங்கு. பாதித் தேன் என்பதை எடையில் பிரிப்பதா, அடைக் கணக்கில் பிரிப்பதா என்று அந்தப் பெண்ணுக்கும் பக்கத்துப் பெட்டிக்காரப் பையனுக்கும் இப்போதே பேச்சு நடக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்